முதியோர் உடல்நலத்தில் சமூக, உளவியல் காரணிகள்

முதியோர் உடல்நலத்தில் சமூக, உளவியல் காரணிகள் என்பது முதுமை அடைந்தோரின் நோய், நோயிலிருந்து மீளல், வாழ்நாள் நீளம் ஆகியவற்றின் மீது அவர்களுடைய உறவுகள், வாழ்நிலை, மனநிலை, தம்மைப் பற்றிய எண்ணம் முதலியன செலுத்தும் தாக்கத்தைக் குறிக்கும். மூப்பியல், நோய்ப்பரவலியல், உளவியல், சமூகவியல் ஆகிய துறைகள் இதனை ஆய்கின்றன. ஒரே வயதும் ஒரே நோயும் உடைய இருவரில் ஒருவர் விரைவில் நலிவடைவதும் மற்றவர் பல்லாண்டு நடமாடுவதும் ஏன் என்ற வினாவுக்குக் குருதி ஆய்வும் ஊடுகதிர்ப் படமும் மட்டும் விடை தருவதில்லை. அவர் யாருடன் உண்கிறார், யார் அவரைத் தேடி வருகிறார்கள், அன்றாட வாழ்வில் எதனைத் தாமே தீர்மானிக்கிறார் என்பனவும் விடையின் பகுதிகளாக உள்ளன.

சொல் விளக்கம்

இத்துறையில் இரண்டு கருத்துகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. சமூகத் தனிமைப்படல் என்பது புறநிலையானது. ஒருவருக்கு எத்தனை உறவினர், நண்பர் உள்ளனர், எத்தனை நாளுக்கொரு முறை அவர்களைச் சந்திக்கிறார் என எண்ணிச் சொல்லக் கூடியது. தனிமையுணர்வு என்பது அகநிலையானது. ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்குக் கிடைத்துள்ள உறவுக்கும் இடையே உள்ள இடைவெளியால் தோன்றும் வருத்தம் அது. தனியே வாழும் ஒருவர் தனிமையை உணராதிருக்கலாம். மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் நிறைந்த வீட்டில் நாள் முழுதும் ஒருவரும் பேசாததால் ஒரு முதியவர் கடும் தனிமையை உணரவும் கூடும். பின்னது தமிழ்ச் சூழலில் அரிதன்று.

இவ்விரண்டும் உடலைத் தாக்கும் அளவு ஒன்றா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. இங்கிலாந்தில் 52 வயதும் அதற்கு மேலும் உள்ள 6,500 பேரைப் பின்தொடர்ந்து ஆண்ட்ரூ ஸ்டெப்டோ குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள்தொகைக் கூறுகளையும் முன்பே இருந்த நோய்களையும் கணக்கில் கொண்ட பின்னரும் சமூகத் தனிமைப்படல் இறப்போடு தொடர்புற்றிருந்தது. தனிமையுணர்வுக்கு அத்தகைய தனித்த தொடர்பு தென்படவில்லை. வேறு ஆய்வுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவில் தீங்கு செய்வனவாகத் தெரிகின்றன.

ஆய்வு வரலாறு

சமூகப் பிணைப்புக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரத்தோடு எழுதிய முன்னோடி பிரான்சு நாட்டுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம். தற்கொலை பற்றிய அவரது நூல் 1897இல் வெளிவந்தது. மருத்துவத் துறையில் திருப்பம் 1977இல் ஏற்பட்டது. அவ்வாண்டு அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், நோயை உயிரியல் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது எனக் கூறி, உயிரியல், உளவியல், சமூகவியல் ஆகிய மூன்றையும் இணைத்த மாதிரியை முன்மொழிந்தார்.

இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுவது கலிபோர்னியாவின் அலமேடா மாவட்ட ஆய்வு ஆகும். 1965 முதல் ஒன்பது ஆண்டுகள் பின்தொடரப்பட்ட 6,928 பேரின் தரவுகளை லிசா பெர்க்மன், லெனர்ட் சைம் ஆகியோர் 1979இல் வெளியிட்டனர். திருமணம், நண்பர் உறவினர் தொடர்பு, வழிபாட்டு அமைப்பு, பிற சங்கங்கள் ஆகிய நான்கு வகைப் பிணைப்புகள் கணக்கிடப்பட்டன. பிணைப்பு மிகக் குறைந்த ஆண்களின் இறப்பு, பிணைப்பு மிகுந்த ஆண்களின் இறப்பைப் போல் 2.3 மடங்காகவும், பெண்களிடையே 2.8 மடங்காகவும் இருந்தது. புகைத்தல், குடி, உடற்பருமன் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும் வேறுபாடு மறையவில்லை.

ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை (மொத்தம் 308,849 பேர்) தொகுத்து ஆராய்ந்தனர். வலுவான சமூக உறவு உடையோர் ஆய்வுக் காலத்தின் முடிவில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவரை விட 50 விழுக்காடு மிகுதி எனக் கண்டனர். இதனை ஒட்டியே 'தனிமை நாளொன்றுக்கு 15 சிகரெட்டுக்குச் சமம்' என்ற தொடர் செய்தித்தாள்களில் பரவியது. தாக்கத்தின் அளவை ஒப்பிடுவதற்காகச் சொல்லப்பட்ட அத்தொடரைத் தனியொருவருக்குப் பொருத்திக் கணக்கிடுதல் தவறாகும்.

உடலைத் தாக்கும் வழிகள்

வழிகளில் எளியன முதலில் கூறத்தக்கவை. தனியே வாழும் முதியவர் சமைப்பதைக் குறைத்துக் கொள்கிறார்; காலையில் வைத்த சோறே இரவு வரை ஓடுகிறது. மாத்திரை தீர்ந்தால் வாங்கி வர ஆளில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கண்டெடுக்கப்படும் வரை கழியும் மணிகளே அவர் பிழைப்பதையும் பிழைக்காததையும் தீர்மானிக்கக் கூடும். காலில் வீக்கம், பேச்சில் குழறல் போன்ற அறிகுறிகளை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், உடன் இருப்பவரே. ஆய்வுக் கட்டுரைகள் பல இயக்குநீர்களைப் பற்றி நீளப் பேசிவிட்டு இவற்றை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

நுட்பமான வழிகள் மனத்தகைவின் ஊடாகச் செல்கின்றன. நீடித்த கவலை மூளையின் ஐப்போத்தலாமசு, கபச் சுரப்பி, அண்ணீரகச் சுரப்பி ஆகிய தொடரைத் தூண்டிக் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்கிறது. இடர் நேரத்தில் உதவும் இச்சுரப்பு ஓயாது நீளுமானால் குருதியழுத்தம் உயர்கிறது, உறக்கம் கெடுகிறது, நோயெதிர்ப்பு குன்றுகிறது, தாழ்நிலை அழற்சி நிலைத்து விடுகிறது. இளமையில் உடல் இதனை ஈடுசெய்து கொள்ளும். முதுமையில் அந்த இருப்பு ஏற்கெனவே குறைந்திருப்பதால் அதே சுமை மிகுதியாகத் தாக்குகிறது.

இதனைக் கண்கூடாகக் காட்டிய ஆய்வு 1995இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்தது. மறதிநோய் உற்ற உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அதே வயதும் வருவாயும் கொண்ட, அப்பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே வகைச் சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பொறுப்பற்றோருக்குக் காயம் ஆறச் சராசரியாக 39 நாட்கள் ஆயின. பராமரிப்போருக்கு ஏறத்தாழ 49 நாட்கள். மிகச் சிறிய ஆய்வே எனினும், மனச்சுமை தோலில் அளக்கக் கூடியது என்பதை அது காட்டியது.

சிக்காகோ வெப்ப அலை, 1995

சமூகக் காரணி உயிரைப் பறிக்கும் விதத்தை விளக்கப் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு, 1995 சூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரைத் தாக்கிய வெப்ப அலை ஆகும். சூலை 13 அன்று வெப்பநிலை 41 பாகை செல்சியசை எட்டியது. ஈரப்பதமும் மிகுந்திருந்தது, இரவிலும் வெம்மை தணியவில்லை. மின்தடை பல வீடுகளைப் பாதித்தது. அந்த ஒரு வாரத்தில், வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இறப்புகளை விட 739 இறப்புகள் மிகுதியாக நிகழ்ந்தன. பிணவறையில் இடமின்றிக் குளிரூட்டப்பட்ட சரக்குந்துகளில் உடல்கள் வைக்கப்பட்டன. இறந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். பலர் பூட்டிய அறைகளுக்குள் தனியே இறந்து கிடந்தனர். உரிமை கோர எவரும் வராத உடல்கள் பொதுப் புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டன.

பின்னர் நோய்ப்பரவலியலாளர்கள் இறந்தோரையும் அவர்களை ஒத்த, பிழைத்தோரையும் ஒப்பிட்டனர். 1996இல் வெளியான அவ்வொப்பீட்டின்படி, படுக்கையில் கிடந்தோர், தனியே வாழ்ந்தோர், நாள்தோறும் வீட்டை விட்டு வெளியே செல்லாதோர், மாடியின் மேல்தளத்தில் இருந்தோர் ஆகியோருக்கு இடர் மிகுதி. வேலை செய்யும் குளிரூட்டி மட்டுமன்றி, அருகில் நண்பர் இருத்தலும் குழுச் செயல்களில் பங்கேற்றலும் காப்பாக அமைந்தன.

சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் 2002இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் ஆராய்ந்தார். அடுத்தடுத்து அமைந்த வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்னும் இரு பகுதிகளிலும் வறுமையும் தனித்து வாழும் முதியோரின் அளவும் ஒத்திருந்தன. எனினும் வடக்கில் இறப்பு வீதம் தெற்கில் இருந்ததைப் போல் பத்து மடங்காக இருந்தது. தெற்கில் கடைகளும் நடமாட்டமும் நிறைந்த தெருக்கள் இருந்தன. முதியோர் அச்சமின்றி வெளியே வந்து குளிர்ந்த கடைகளில் அமர்ந்தனர். வடக்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, மக்கள் வெளியேறி, வெற்று மனைகளும் குற்றங்களும் மிகுந்திருந்தன. முதியோர் கதவையும் சாளரத்தையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தனர். நகர மக்களில் கால் பங்கினரான இலத்தீன் அமெரிக்க வழியினர் வெப்ப இறப்புகளில் 2 விழுக்காடு மட்டுமே என்பதும், தனித்து வாழ்வோரில் பெண்களே மிகுதியாக இருந்தும் இறப்பு வீதம் ஆண்களிடையே கூடுதலாக இருந்ததும் கவனிக்கத்தக்கன. ஆண்கள் ஓய்வு பெற்றபின் பணியிட நட்புகளை இழந்து, வேறு நட்புகளைத் தேடிக்கொள்ளாததை இதற்குக் காரணமாகக் கூறுவர்.

கிளைனன்பர்க்கின் விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. இறந்தோரின் முகவரிகளுக்கே சென்று விசாரித்த மிட்செல் டூனியர் 2004இல் அதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். பகுதியின் இயல்பு எவ்வளவு, தனிமனித நிலை எவ்வளவு என்ற பங்கீட்டில் கருத்து வேறுபாடு உள்ளது. நகராட்சி கற்ற பாடம் தெளிவானது. 1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது தனித்து வாழும் முதியோரைத் தொலைபேசியில் அழைத்தும் வீடு வீடாகச் சென்றும் பார்த்தனர். அம்முறை ஏறத்தாழ 110 பேர் இறந்தனர். 2003 ஆகத்து மாதம் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர், பெரும்பாலும் முதியோர், வெப்பத்தால் இறந்தபோது இப்பாடம் அங்கு எட்டியிருக்கவில்லை. பிள்ளைகளும் மருத்துவர்களும் கோடை விடுமுறையில் சென்றிருந்த மாதம் அது.

தீர்மானிக்கும் உரிமை

தம் வாழ்வில் தமக்குக் கட்டுப்பாடு உண்டு என்ற உணர்வு முதியோர் நலத்தில் பெரும் பங்கு வகிக்கிறது. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகியோர் கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு பராமரிப்பு இல்லத்தில் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. ஒரு தளத்தில் இருந்தோரிடம், அறையை எவ்வாறு அமைப்பது, யாரைப் பார்ப்பது, எந்நாளில் திரைப்படம் காண்பது என்பன அவர்கள் பொறுப்பு என்று இல்ல நிருவாகி கூறினார். ஒவ்வொருவரும் தாமே தேர்ந்த செடியைத் தாமே வளர்க்க வேண்டும். மற்றொரு தளத்தினரிடம், அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது ஊழியரின் கடமை என்று கூறப்பட்டது. அவர்களுக்கும் செடி கொடுக்கப்பட்டது, நீரூற்றியவர் செவிலியர். மூன்று வாரத்தில் முதல் குழுவினர் கூடுதல் சுறுசுறுப்பும் விழிப்பும் காட்டினர். 18 மாதங்களில் முதல் குழுவின் 47 பேரில் எழுவரும், இரண்டாம் குழுவின் 44 பேரில் பதின்மூவரும் இறந்திருந்தனர்.

இறப்புக் கணக்கில் இருந்த புள்ளியியல் பிழை பின்னர் 1978இல் திருத்தி வெளியிடப்பட்டது. திருத்தத்திற்குப் பின் அவ்வேறுபாட்டின் வலு குறைந்தது. செடி ஒன்றே உயிர் காத்தது என்பது போல இந்த ஆய்வைச் சொல்லிச் செல்லும் நூல்கள் இத்திருத்தத்தைக் குறிப்பிடுவதில்லை.

இதனினும் குறைவாக அறியப்பட்டதும், நடைமுறைக்கு இன்றியமையாததுமான ஆய்வு ரிச்சர்ட் ஷூல்சு என்பவருடையது. அவர் ஒரு முதியோர் குடியிருப்பில் இருந்தோரைக் காணக் கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் அனுப்பினார். ஒரு குழுவினர் மாணவர் எப்போது, எவ்வளவு நேரம் வரவேண்டும் எனத் தாமே முடிவு செய்தனர். மற்றொரு குழுவினருக்கு வருகை முன்னதாகத் தெரிவிக்கப்பட்டது. மூன்றாவது குழுவினரிடம் மாணவர் அறிவிப்பின்றி வந்தனர். நான்காவது குழுவினரிடம் எவரும் வரவில்லை. 1976இல் வெளியான முடிவின்படி முதல் இரு குழுவினரின் உடல்நலமும் ஊக்கமும் மற்றவரை விடச் சிறந்திருந்தன. ஆனால் ஆய்வு முடிந்து வருகைகள் நின்றபின் நடந்தது வேறு. 24 முதல் 42 மாதங்கள் வரை பின்தொடர்ந்த ஷூல்சும் பார்பரா ஹனுசாவும், அந்த முதல் இரு குழுவினரே மிகக் கூடுதலாகச் சரிந்திருந்ததை 1978இல் தெரிவித்தனர். கொடுத்துப் பின் பறிக்கப்பட்ட உறவு, கொடுக்கப்படாத உறவை விடத் தீங்கானதாக ஆயிற்று. ஒரு பருவத்துக்கு மட்டும் முதியோர் இல்லங்களுக்கு மாணவரை அனுப்பும் திட்டங்களை வகுப்போர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

துணை இழப்பு

நெடுநாள் மணவாழ்வில் ஒருவர் இறந்தபின் சில மாதங்களில் மற்றவரும் இறப்பது எல்லாச் சமூகங்களும் அறிந்த ஒன்று. இது தற்செயல் அன்று என்பதை இங்கிலாந்தில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. 1969இல் காலின் மர்ரே பார்க்ஸ் குழுவினர் வெளியிட்டபடி, முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்தனர். அதே வயதுள்ள மணமான ஆண்களிடையே எதிர்பார்க்கப்படும் அளவை விட இது 40 விழுக்காடு மிகுதி. இதய நோய் முதன்மைக் காரணமாக இருந்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் இவ்வேறுபாடு படிப்படியாக மறைந்தது. துணை இழப்பின் தாக்கம் பெண்களை விட ஆண்களிடம் மிகுதி எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. உணவு, மருந்து, உறவினர் தொடர்பு ஆகிய மூன்றும் மனைவி வழியாகவே நடந்துவந்த வீடுகளில் இது வியப்பன்று.

பேரதிர்ச்சியால் இதயத்தின் இடக் கீழறை திடீரெனப் பலூன் போல் விரிந்து, மாரடைப்பை ஒத்த நிலை தோன்றுவதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் இதனை விவரித்து, விரிந்த அறையின் வடிவம் எண்காலிக் கணவாய் பிடிக்கும் பானையை ஒத்திருப்பதால் தகோட்சுபோ எனப் பெயரிட்டனர். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகின்றனர்.

துணை இறவாமல் நோயுற்றுக் கிடப்பதும் ஒரு வகை இழப்பே. ஷூல்சும் ஸ்காட் பீச்சும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற துணையைப் பராமரித்து அதனால் மனவருத்தம் அடைந்த முதியோரின் இறப்பு இடர், அப்பொறுப்பு இல்லாதோரை விட நான்கு ஆண்டுகளில் 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. பராமரித்தும் வருத்தம் அடையாதோரிடம் இவ்வுயர்வு காணப்படவில்லை. உதவுதல் தானாகத் தீங்கன்று என்பதை மற்றோர் ஆய்வும் காட்டுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 423 முதிய இணையரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்டெபானி பிரவுன் குழுவினர், பிறருக்கு உதவுவோரின் இறப்பு குறைந்திருந்ததையும், உதவி பெறுவதால் அத்தகைய பயன் தென்படாததையும் 2003இல் குறிப்பிட்டனர்.

உளச்சோர்வு

முதுமையில் உளச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடல்வலி, பசியின்மை, உறக்கமின்மை, மறதி, 'எதற்கும் மனமில்லை' என்ற பேச்சு ஆகியவையே அதன் முகம். இவை யாவும் வயதின் இயல்பு என்று குடும்பத்தாரும் சில வேளைகளில் மருத்துவரும் விட்டுவிடுவதால் நோய் அறியப்படாமலே போகிறது. இச்சிக்கலைக் கருத்தில் கொண்டே ஜெரோம் யெசவேஜ் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் முதியோருக்கான உளச்சோர்வு அளவுகோலை அமைத்தனர். 'ஆம்', 'இல்லை' என விடையளிக்கும் 30 வினாக்கள் கொண்ட அதில் உறக்கம், பசி பற்றிய வினாக்கள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டன. முதியோரிடம் அவை உடல்நோயாலும் கெடக் கூடும் என்பதே காரணம்.

உளச்சோர்வு பிற நோய்களின் போக்கையும் மாற்றுகிறது. மாரடைப்புக்குப் பின் மொண்ட்ரியல் நகரில் பின்தொடரப்பட்ட 222 நோயாளிகளிடையே, உளச்சோர்வு உடையோர் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்புப் பல மடங்கு மிகுதி என்று 1993இல் தெரியவந்தது. உலகின் பெரும்பாலான பகுதிகளில் தற்கொலை வீதம் 70 வயதைக் கடந்தோரிடமே மிகுதி என உலக சுகாதார அமைப்பு 2014இல் அறிவித்தது. முதுமையில் உளச்சோர்வு மருந்தாலும் பேச்சு மருத்துவத்தாலும் குணமாகக் கூடியது. வயதைக் காட்டி மருத்துவத்தை மறுப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை.

முதுமை பற்றிய எண்ணம்

வயதின் அடிப்படையில் ஒருவரை இழிவாகக் கருதும் போக்கு இன, பால் வேற்றுமைகளை ஒத்தது எனக் கூறி, 1969இல் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர். 'வயசாயிடுச்சு, இனிமே என்ன' என்ற பேச்சைப் பல்லாண்டு பிறரிடம் கேட்டு வளர்ந்தவர், தமக்கு முதுமை வரும்போது அதனைத் தம்மீதே செலுத்திக்கொள்கிறார். ஒகையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேர் தம் முதுமையைப் பற்றி 1975இல் கூறிய கருத்துகளை, அவர்களின் பிற்கால இறப்போடு பெக்கா லெவி குழுவினர் ஒப்பிட்டனர். நல்லெண்ணம் உடையோர் மற்றவரை விடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என 2002இல் வெளியிட்டனர். ஜப்பானின் ஒசாக்கி பகுதியில் 43,391 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வும், வாழ்வதற்குப் பொருள் உண்டு என்று கூறியோரின் இறப்பு ஏழு ஆண்டுகளில் குறைவாக இருந்ததைக் காட்டியது.

முதியோர் யாவரும் வருந்தி வாழ்கின்றனர் என்ற பொதுக் கருத்து தவறானது. லாரா கார்ஸ்டென்சன் முன்வைத்த கோட்பாட்டின்படி, எஞ்சிய காலம் குறைவு என உணர்வோர் அறிமுகங்களைக் குறைத்து, நெருங்கிய சிலரோடு உள்ள உறவை ஆழப்படுத்திக் கொள்கின்றனர். எனவே நட்பு வட்டம் சுருங்குவதை உடனே நோய்க்குறி எனக் கொள்ளலாகாது. அந்தச் சிலரும் ஒருவர் பின் ஒருவராக மறையும்போதே இடர் தொடங்குகிறது.

மறதிநோயும் கேட்கும் திறனும்

மறதிநோய் பற்றி லான்செட் இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 மாற்றக்கூடிய காரணிகளுள் குறைந்த கல்வி, உளச்சோர்வு, சமூகத் தனிமைப்படல், செவித்திறன் இழப்பு ஆகியவை அடங்கும். இவற்றுள் செவித்திறன் தனியே கவனிக்கத்தக்கது. காது மந்தமானவர் உரையாடலில் இருந்து தாமே விலகுகிறார். மும்முறை கேட்டால் எரிச்சலுறும் வீட்டார் பேச்சைக் குறைக்கின்றனர். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 977 முதியோர் மூன்று ஆண்டுகள் பின்தொடரப்பட்டனர். காது கேட்கும் கருவி மொத்தத்தில் அறிவுத்திறன் சரிவைக் குறைக்கவில்லை. ஆனால் இடர் மிகுந்த பிரிவினரிடம் சரிவு 48 விழுக்காடு குறைந்தது.

வகுப்பும் வருவாயும்

பிரித்தானிய அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, பதவி தாழத் தாழ இறப்பு உயர்வதைக் காட்டியது. மைக்கேல் மார்மட், மார்ட்டின் ஷிப்லி ஆகியோர் 1996இல் எழுதியபடி, ஓய்வு பெற்ற பின்னும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்த பின்னும் அதன் உயரம் உடலில் தங்கியிருந்தது எனலாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடி, அதாவது மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடாக இருந்தது. கூட்டுக் குடும்பம் இருப்பதால் இங்கு முதியோர் தனிமை இல்லை என்ற கருத்து நெடுநாள் நிலவியது. கோவாவில் ஆய்வு செய்த விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்சும் 2001இல் வெளியிட்ட கட்டுரை இதனை ஐயுற வைத்தது. முதியோரின் உளச்சோர்வும் மறதிநோயும் நோயாகக் கருதப்படாமல் மூப்பின் விளைவாகவோ குடும்பப் புறக்கணிப்பின் விளைவாகவோ கருதப்பட்டன; குடும்ப ஆதரவு பலருக்கு உறுதியற்றதாக இருந்தது.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 முதல் வழங்கப்படுகிறது. தொகை சிறிது எனினும், வெற்றிலைக்கும் பேரனுக்கு வாங்கும் தின்பண்டத்துக்கும் பிறர் கையை எதிர்பாராதிருத்தல் முதியவருக்குத் தரும் மதிப்பு மேலே கூறிய கட்டுப்பாட்டு உணர்வோடு சேர்த்து எண்ணத்தக்கது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடம் வாழ்க்கைப்படி கோர 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. மகன் மீது வழக்குத் தொடுப்பதை இழுக்கெனக் கருதும் பெற்றோர் இதனை நாடத் தயங்குகின்றனர்.

இலங்கையில் 2012 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 12.4 விழுக்காடு. முதியோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வடக்கு, கிழக்கில் போரும் 1983க்குப் பின் நிகழ்ந்த பெரும் புலப்பெயர்வும் இச்சிக்கலுக்குத் தனி வடிவம் கொடுத்தன. பிள்ளைகள் கனடா, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து என்று பிரிந்து வாழ, பெரிய வீட்டில் அம்மம்மா மட்டும் இருப்பதும், பணம் தவறாமல் வந்தும் ஆள் வராதிருப்பதும் யாழ்ப்பாணத்தில் காணக் கூடியன. பிள்ளைகளோடு சென்று சேர்ந்த முதியோரின் நிலை எப்போதும் மேலானதன்று. குளிர்காலத்தில் வெளியே செல்ல இயலாமை, மொழி அறியாமை, வாகனம் ஓட்டத் தெரியாமை, பகல் முழுதும் ஆளில்லாத வீடு ஆகியவை சேர்ந்து, ஊரில் கோயிலுக்கும் சந்தைக்கும் தாமே சென்று வந்தவரை அடைபட்டவராக்கி விடுகின்றன.

கொள்கைகளும் முயற்சிகளும்

ஐக்கிய இராச்சியம் 2018இல் தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் அவ்வாறு செய்தது. ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் தனியே வாழ்ந்து வீட்டிலேயே இறந்த 76,020 பேரில் 58,044 பேர் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, தனிமையுணர்வு ஆண்டுக்கு 871,000 இறப்புகளோடு தொடர்புடையது என மதிப்பிட்டது. தனிமையுணர்வு முதியோரை விட இளையோரிடம் மிகுதி என்பதும் அவ்வறிக்கையின் செய்தியாகும்.

எம்முயற்சி பயன் தருகிறது என்பதில் சான்றுகள் சீராக இல்லை. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆட்களைச் சேர்த்து வைப்பதை விட, 'என்னை யாருக்கும் வேண்டாம்' என்பது போன்ற எண்ணப்போக்கை மாற்ற உதவும் முறைகளே கூடுதல் பயன் தந்தன என்றது. முதியோரை உதவி பெறுபவராக மட்டுமன்றி உதவுபவராகக் கொள்ளும் திட்டங்களும் உள்ளன. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு இருக்கை'த் திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலையத்து வெளியே மர இருக்கையில் அமர்ந்து மனவருத்தம் உற்றோரிடம் பேசுகின்றனர். 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, அவ்வாறு பேசப்பட்டோரின் உளச்சோர்வு குறைந்ததை உறுதி செய்தது.

2020இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது பல நாடுகளில் பராமரிப்பு இல்லங்களுக்குள் உறவினர் வருகை தடை செய்யப்பட்டது. தொற்றைத் தடுக்க எடுத்த இம்முடிவால் மறதிநோயாளர் பலர் தம் பிள்ளைகளைக் கண்ணாடிச் சாளரத்தின் ஊடாக மட்டுமே கண்டனர். சில நாடுகள் பின்னர் ஒரு நெருங்கிய உறவினரையாவது பராமரிப்பாளர் தகுதியில் உள்ளே விட விதிகளை மாற்றின.

ஆய்வுகளின் வரம்பு

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பின்தொடரும் ஆய்வுகள். காரணத்தையும் விளைவையும் அவை முற்றாகப் பிரித்துக் காட்டுவதில்லை. தனிமை நோயைத் தருவது போலவே நோயும் தனிமையைத் தரும். நடக்க இயலாதவர் கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை. தொடக்கத்தில் நோயற்றோரை மட்டும் தேர்ந்தும், முதல் சில ஆண்டுகளின் இறப்புகளை நீக்கியும் ஆய்வாளர் இதனைச் சரிசெய்ய முயல்கின்றனர். ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தவை என்பதால், கூடி வாழும் வீடுகளுக்குள் நிலவும் தனிமையை அளக்க அவற்றின் வினாக்கள் போதுமானவை அல்ல. 'உங்களோடு எத்தனை பேர் வசிக்கின்றனர்' என்ற வினாவுக்கு 'ஏழு பேர்' என விடையளிக்கும் முதியவர் அப்பட்டியல்களில் தனிமையற்றவராகவே பதிவாகிறார்.